துண்டால் வராத நோய்

காலையில் குளியலறைக் கதவைத் திறந்தபோது தம்பியின் சோப்பு அங்கே இல்லை.

சோப்பு மட்டுமல்ல. பிரஷ், ஷேவிங் கிரீம், நீலத் துண்டு எல்லாம் பால்கனி மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் கிடந்தன. பக்கத்தில் துணி துவைக்கும் குழாய். இனிமேல் இதுதான் உன் குளியலறை என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. வாளியே சொல்லிவிட்டது.

அண்ணன் தேய்த்த சட்டையோடு கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணா இது?"

"கொஞ்ச நாளைக்குத்தான். கோவிச்சுக்காதே. புள்ளத்தாய்ச்சி இருக்கற வீடு." சீப்பைக் கழுவி வைத்தான். தம்பியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சமையலறையில் அண்ணி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவளும் திரும்பவில்லை.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வயிற்றில் வந்த குழந்தை. நான்காம் மாத ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு சிபிலிஸ் என்று வந்தது. தவறாக இருக்கும் என்று மறுபடி எடுத்தார்கள். அதுவும் அதையே சொன்னது. கணவனைக் கூட்டிக்கொண்டு வரும்படி டாக்டரம்மா போனில் சொன்னார். அன்று சாயங்காலமே அண்ணன் ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டான். வீட்டில் ஒரே குளியலறை, தம்பி ஊரெல்லாம் சுத்துகிறவன், அவன் துண்டைத் தெரியாமல் எடுத்துத் துடைத்திருப்பாய் என்றான். அண்ணி நம்பினாள். நம்பாவிட்டால் வேறு எதை நம்புவது?

தம்பி ஊரெல்லாம் சுத்துகிறவன்தான். மேடை நிகழ்ச்சிகளுக்கு விளக்கு அமைப்பது அவன் தொழில். கூட வேலை செய்கிறவர்கள் பெயரைச் சொல்வதில்லை, 'லைட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்குப் பழக்கமான பெண்கள் உண்டு. கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று எவளையும் ஏமாற்றியதில்லை, நீ ஒருத்திதான் என்று பொய் சொன்னதும் இல்லை. வீட்டில் அதெல்லாம் அரைகுறையாகத் தெரியும். அதனால்தான் பழி அவன் மேல் அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

துண்டால் இந்த நோய் வராது என்று அவனுக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை பயந்துபோய்ப் பரிசோதனை செய்துகொண்டபோது நர்ஸ் விளக்கிச் சொல்லியிருந்தாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. துண்டு இல்லை என்றால் வேறு யார் என்று அடுத்த கேள்வி வரும். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்து, காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருந்த அண்ணன் அவன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அவனும் பரிசோதனை செய்து வெகு காலமாகிவிட்டது. தனக்குள்ளேயே ஏதாவது இருந்தால்?

"இன்னைக்கு சாயங்காலம் கிளினிக் போகணும்," என்றாள் அண்ணி, அடுப்பைப் பார்த்தே. "ரெண்டு பேரும் வரணும்னு சொல்லியிருக்காங்க."

"எனக்கு மீட்டிங் இருக்கு. நீ போய் ஊசி போட்டுக்கிட்டு வந்துடேன்," என்றான் அண்ணன். அவன் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் வெளியூர். மீதி நாள் மீட்டிங்.

தம்பி டீ குடிக்காமலே கிளம்பினான்.

* * *

அரங்கத்தில் அன்று வேலை ஓடவில்லை. ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பினான். கீழேயிருந்து தலைமை டெக்னீஷியன் கத்தினார்.

"டேய் லைட்டு! மேடை இந்தப் பக்கம் இருக்குடா. சுவத்துக்கா வெளிச்சம் போடற?"

சரி செய்தான். மறுபடி கோணலானது. விளக்குக்கு முன்னால் செருகும் சிவப்புக் கண்ணாடித் தாள் கைநழுவி விழுந்து மேடை முழுக்க வழுக்கிக்கொண்டு போனது. ஏணியை விட்டு இறங்கினான்.

"சார், ஒரு மணி நேரம் வெளியில போய்ட்டு வந்துடறேன்."

"ஷோவை வெச்சுக்கிட்டு எங்கடா போற?"

"வீட்டு விஷயம். வந்துடறேன் சார்." அவர் பதில் சொல்வதற்குள் பின்வாசலைத் தாண்டிவிட்டான்.

அண்ணி வேலை பார்க்கும் கேக் கடை இரண்டு தெரு தள்ளி. பின்பக்க அறையில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, கேக் மேல் கிரீமால் ரோஜா வைத்துக்கொண்டிருந்தாள். கூம்புப் பையை அழுத்தி, மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினால் ஒரு இதழ். கடையிலேயே அவள் கைதான் நடுங்காத கை என்று முதலாளி சொல்வார்.

அவனைப் பார்த்ததும் கை நின்றது.

"இங்க ஏன் வந்தே?"

"வீட்டுல பேச முடியல அண்ணி."

"பேச என்ன இருக்கு?" இன்னொரு இதழ் வைத்தாள். "உன்மேல எனக்குக் கோபமில்லன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். வாய் வரல. என் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை எப்படிப் பாப்பேன்னே தெரியல."

"அண்ணி, அது துண்டால வராது."

அவள் நிமிரவில்லை.

"சோப்பால வராது. பாத்ரூம்லேருந்து வராது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது. எனக்குப் பொண்ணுங்க பழக்கம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா என்கிட்டேயிருந்து உங்களுக்கு வர்றதுக்கு வழியே இல்ல."

"அப்புறம் எப்படி வரும்?"

அவன் மேசையில் சிந்தியிருந்த கிரீமை விரலால் துடைத்தான்.

அண்ணி பையை மேசை மேல் வைத்தாள். கடைசியாக வைத்த ரோஜா ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தியால் மொத்த ரோஜாவையும் வழித்து எடுத்துவிட்டாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"முதல்லேருந்தே."

"தெரிஞ்சும் உன் சாமான் பால்கனிக்குப் போனப்ப சும்மா இருந்தியா?"

அவன் தலையாட்டினான்.

"நல்ல அண்ணன் தம்பிங்கடா நீங்க ரெண்டு பேரும்." தொப்பியைக் கழற்றினாள். "சாயங்காலம் நீயும் வா. துண்டுக் கதையை அவர் டாக்டர்கிட்ட சொல்லட்டும். டாக்டர் சொல்ற பதில் அவர் காதுல விழணும். நான் பக்கத்துல இருக்கணும்."

அவளே போன் செய்தாள். "மீட்டிங்கை விட்டுட்டு வாங்க. வரலைன்னா உங்க ஆபீசுக்கு நான் வர்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

* * *

அண்ணன் வந்தான். சட்டை அக்குளில் நனைந்திருந்தது.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிற ஆள். அண்ணன் துண்டைப் பற்றிச் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். தம்பி கதவோரம் நாற்காலியில் காலாட்டிக்கொண்டே இருந்தான். நிறுத்த முடியவில்லை.

"சார், நேரடியாவே சொல்லிடறேன். சிபிலிஸ் துண்டுல வராது, டாய்லெட்ல வராது. உடலுறவுலதான் வரும். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். அதனாலதான் உங்களை அவசரமா வரச் சொன்னேன்."



அண்ணன் மனைவியைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது.

"டாக்டர், நான் மாசத்துல பாதி நாள் வீட்டுலயே இருக்கறதில்ல. இவங்க ரெண்டு பேரும்தான்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தம்பி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. ஆனால் முதலில் பேசியவள் அண்ணி.

"சொல்லி முடிங்க."

"நான் ஒண்ணும் அப்படி..."

"இல்ல, ஆரம்பிச்சீங்கல்ல? டாக்டர் முன்னாடியே முடிங்க."

"அண்ணா, இவ்வளவு தூரம் வந்துட்டியா நீ?" தம்பியின் குரல் உடைந்தது. "என்மேல என்ன வேணா போடு. அண்ணி மேல போடாதே."

டாக்டரம்மா மேசையைத் தட்டினார். "தம்பி, உட்காருங்க. யாரு சரி, யாரு தப்புன்னு சொல்றது என் வேலை இல்ல. ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுங்க, கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுடும். ரிசல்ட்டை அவங்கவங்ககிட்ட தனியாத்தான் சொல்லுவேன். வெளியில சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்." அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்க உள்ள போய்ப் படுங்கம்மா. உங்க ஊசிக்கு யாரோட ரிசல்ட்டும் தேவையில்ல."

அண்ணி அசையவில்லை. "குழந்தை?"

"சீக்கிரமே கண்டுபிடிச்சிருக்கோம். அதுதான் பெரிய நிம்மதி. பென்சிலின் போட்டா உங்களுக்கும் சேரும், குழந்தைக்கும் சேரும். எத்தனை நாளா இருக்குன்னு தெரியாததால வாரம் ஒண்ணா மூணு ஊசி. ஒண்ணைக்கூட விடக் கூடாது. நடுநடுவுல ஸ்கேன் பாத்துக்கலாம். பெரும்பாலும் நல்லபடியாப் பொறந்துடும்."

அண்ணி தலையை ஆட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். முதலில் ஒவ்வாமை இருக்கிறதா என்று கையில் சிறியதாக ஒன்று போட்டுப் பார்த்தார்கள். பிறகு பெரிய ஊசி. ஒரு சின்ன முனகல் வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, எதிரெதிர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

* * *

தம்பியை முதலில் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு சிபிலிஸ் இல்ல."

பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. எழுந்துகொள்ளப் பார்த்தான்.

"இருங்க, என்ன அவசரம்? கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தீங்க?"

"போன வருஷம். அதுக்கும் முன்னாடி இருக்கலாம்."

"அதுக்கப்புறம் எத்தனை பேரோட?"

"மூணு பேர்."

"காண்டம்?"

"பெரும்பாலும்."

டாக்டரம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "இந்தப் 'பெரும்பாலும்'தான் எனக்கு இங்க பாதி வேலையைக் கொடுக்குது. எச்.ஐ.வி.க்கும் பாத்துடலாம். சிறுநீர்லயும் பாக்க வேண்டியது இருக்கு. வெளியில ஒண்ணுமே தெரியாது, உள்ள இருந்துக்கிட்டே இருக்கும். ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா இருங்க."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். யாரோடல்லாம் 'பெரும்பாலும்' இல்லையோ, அவங்களையும் ஒரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. அவங்க வேற யாரோ வாயிலாக் கேக்கறதை விட நீங்க சொல்றது நல்லது."

வெளியே வராந்தாவில் அண்ணி பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது.

"எனக்கு இல்ல அண்ணி."

"எனக்குத் தெரியும்," என்றாள்.

அவன் தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். போனை எடுத்தான், பைக்குள் போட்டான். மறுபடி எடுத்தான். நாடகக் குழுவில் மேக்கப் போடும் பெண்ணின் எண்ணை அழுத்தினான்.

"ஒண்ணு சொல்லணும். நான் இன்னைக்கு டெஸ்ட் எடுத்திருக்கேன். நீயும் ஒரு தடவை எடுத்துடு."

"ஏன், உனக்கு என்ன?"

"இப்போதைக்குத் தெரியல. போன தடவை நாம ஜாக்கிரதையா இல்லல்ல, அதான்."

திட்டப்போகிறாள் என்று நினைத்தான்.

"நான் இன்னொருத்தரோடவும் இருக்கேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ அவரையும் இழுத்துக்கிட்டுப் போறேன். சொன்னதுக்கு தேங்க்ஸ் லைட்டு." வைத்துவிட்டாள்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா? சொல்றது இவ்வளவு சுலபமா?"

"சுலபமில்ல அண்ணி. பாருங்க, முதுகெல்லாம் வேர்த்துப் போச்சு."

அன்று முதல் தடவையாக அவள் உதடு லேசாக நெளிந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

கதவு திறந்தது. அண்ணன் வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை, ஊசி போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"எனக்கும் இருக்கு," என்றான் தரையைப் பார்த்து.

"என்கிட்டேயிருந்து வந்துச்சுன்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல," என்றான்.

அண்ணி பெஞ்சை விட்டு எழுந்தாள்.

"ஒருத்திதான். வெளியூர் ஏஜென்சியில கணக்கு பாக்கறவ. எல்லாம் முடிஞ்சு போச்சு. சத்தியமா முடிஞ்சு போச்சு." வேகவேகமாகப் பேசினான். "ஒரு சின்னப் புண்ணு வந்துச்சு. வலிக்கவே இல்ல. தானா ஆறிடுச்சு. அது இந்த நோய்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா உனக்கு இப்படிப் பண்ணியிருப்பேனா?"

அண்ணி அவனை உற்றுப் பார்த்தாள். நம்பலாமா என்று தேடுவதுபோல இருந்தது அந்தப் பார்வை. தெரியாமல் நடந்தது என்றால், கோபத்துக்கு ஒரு கரையாவது இருக்கும்.

"அவளுக்குச் சொல்லிட்டீங்களா?"

"எவளுக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு. அவளும் ஊசி போட்டுக்கணும்ல? இதோ, உங்க தம்பி இப்போதான் ஒரு பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொன்னான். நீங்களும் சொல்லுங்க. என் முன்னாடி. ஸ்பீக்கர்ல."

"அதெல்லாம் அப்புறமா..."

"இப்போ."

அண்ணன் போனை எடுத்தான். விரல் பட்டியலில் மேலும் கீழும் ஓடியது. 'குடோன்' என்று இருந்த எண்ணில் போய் நின்றது. தம்பிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"என்ன, திடீர்னு?"

"ஒரு விஷயம்." அண்ணன் தொண்டையைச் செருமினான். "நீ... ஒரு டெஸ்ட் எடுக்கணும். எனக்கு சிபிலிஸ்னு..."

"விளையாடறீங்களா?"

அண்ணனின் கட்டைவிரல் ஸ்பீக்கரை அணைக்கப் போனது. அதற்குள் அந்தக் குரல் முழு வராந்தாவுக்கும் கேட்கும்படி வந்துவிட்டது.

"நான்தானே உங்களுக்கு அழுதுக்கிட்டே சொன்னேன்? நான் ஊசியெல்லாம் போட்டு முடிச்சாச்சு. நீங்களும் போட்டுக்கிட்டேன்னு சொன்னீங்களே!"

அண்ணி கையை நீட்டினாள். அண்ணன் கொடுக்கவில்லை. அவளே அவன் விரல்களைப் பிரித்து போனை எடுத்தாள். நடுங்காத கை.

"நான் அவர் மனைவி பேசறேன்."

அண்ணி போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

"திட்டறதுக்குக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர்கிட்ட எப்போ சொன்னீங்க?"

"அக்கா... போன வருஷம். வருஷக் கடைசி லீவுக்கு முன்னாடி."

அண்ணியின் இன்னொரு கை வயிற்றின் மேல் போய்ப் படிந்தது. அவள் கணக்குப் போடுவது தம்பிக்குத் தெரிந்தது. லீவில்தான் அண்ணன் வெளியூர் போகாமல் வீட்டிலேயே இருந்தான். இனியும் தள்ளிப்போட வேண்டாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று அவன்தான் ஆரம்பித்தான். அண்ணி அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

"வீட்டுலயும் சொல்லிடுங்கன்னு கெஞ்சினேன். சொல்லிட்டேன்னார்." அந்தப் பெண் தயங்கினாள். "நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களா அக்கா?"

"இன்னைக்குத்தான்."

"அய்யோ." அழுகை வந்தது, அடங்கியது. "ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் என்னை எதுவும் கேக்காதீங்க. எனக்கு அவர் ஒருத்தர்தான். அவருக்கு முன்னாடியும் யாரும் இல்ல, அப்புறமும் இல்ல. எனக்கு இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேட்டேன். போனை வெச்சுட்டார். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கூப்பிடறார்."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

அண்ணி போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். கத்தவில்லை, அழவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை மடியில் இழுத்து விட்டுக்கொண்டாள்.

தம்பியின் பையில் போன் அதிர்ந்தது. அரங்கத்திலிருந்து. எடுக்கவில்லை.

"வீட்டுக்குப் போலாமா அண்ணி?"

"நீ ஷோவுக்குப் போ. எனக்கு இங்க வேலை முடியல." கணவனைப் பார்த்தாள். "உள்ள டாக்டர் உங்களையும் கேட்டிருப்பாங்க. யார் யாருக்குச் சொல்லணும்னு கேட்டாங்கல்ல? நீங்க ஒருத்தின்னு சொன்னீங்க. ஒருத்தி இல்லன்னு இப்போ தெரிஞ்சு போச்சு. உட்காருங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"உட்கார முடியல," என்றான் அண்ணன், குழந்தை மாதிரி. "ஊசி வலிக்குது."

"அப்போ நின்னுக்கிட்டே சொல்லுங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அந்த முகத்தில் தம்பி எத்தனையோ பார்த்திருக்கிறான். கெஞ்சலைப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாற்றினால், அண்ணன் இன்றைக்கும் தப்பித்துவிடுவான்.

தம்பி போனை அணைத்துப் பைக்குள் போட்டான். பெஞ்சுக்குப் போய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வராந்தாவில் விளக்கு போட்டார்கள். நர்ஸ் ஒருத்தி தள்ளுவண்டியோடு கடந்து போகிற வரைக்கும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பிறகு, மனைவியைப் பார்க்காமல், மிக மெதுவாகச் சொன்னான்.

"இந்த ஊருதான். உனக்கு நல்லாத் தெரிஞ்சவ."